புகைப்படத்தின் ஓரத்தைக் கரைப்பது எப்படி? ஃபெதர் முதல் எக்ஸ்போர்ட் வரை முழு வழிகாட்டி

"ஓரத்தை ஃபேட் பண்ண வேண்டும்" என்று சொல்லும்போது ஆளுக்கு ஆள் வேறு வேறு விஷயத்தை மனதில் வைத்திருக்கிறார்கள். படம் மெல்ல மெல்ல வெள்ளைத் தாளில் கரைய வேண்டும் என்பது ஒன்று. அடியில் எந்த நிறம் வந்தாலும் அதில் கரைய வேண்டும், அதாவது ஓரம் டிரான்ஸ்பரன்ட்டாக வேண்டும் என்பது இன்னொன்று. பக்கத்துப் படத்தோடு கலந்துபோக வேண்டும் என்பது மூன்றாவது. ஓரம் மட்டும் லேசாக இருண்டு, பார்ப்பவர் கண் நடுவில் போய் நிற்க வேண்டும் என்பது நான்காவது. அதற்கு விக்னெட் என்று பெயர்.

நான்குக்கும் கருவிகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஓரம் எதில் கரையப் போகிறது என்பதை முடிவு செய்யாமல் உட்கார்ந்தால் பாதி வேலை வீண். வெள்ளையில் கரைத்த படத்தைக் கொண்டுபோய்க் கருநீலப் போஸ்டரில் வைத்துப் பாருங்கள். சுற்றிலும் பனிமூட்டம் போல ஒரு வெள்ளை வளையம் நிற்கும். அதைச் சுரண்டி எடுக்கும் நேரத்தில் புதிதாகவே செய்து முடித்துவிடலாம். எங்கே போகப் போகிறது என்று தெரியாத படமென்றால் டிரான்ஸ்பரன்ட்டாகவே கரைத்து வையுங்கள். அதிலிருந்து வெள்ளைக்கோ கறுப்புக்கோ எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வெள்ளையிலிருந்து திரும்பி வர முடியாது.

இந்த வித்தை கணினியோடு வந்ததல்ல. 19-ஆம் நூற்றாண்டு ஸ்டுடியோக்களில் பிரிண்ட் போடும்போது, நெகட்டிவுக்கு மேலே முட்டை வடிவ ஓட்டை போட்ட அட்டையைப் பிடித்து, முகத்தைச் சுற்றியுள்ளதை வெள்ளையில் கரைத்தார்கள். அட்டை நெகட்டிவை ஒட்டி இருந்தால் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல விழும். சற்றுத் தூக்கிப் பிடித்து, எக்ஸ்போஷர் முடியும்வரை லேசாக ஆட்டிக்கொண்டே இருந்தால் ஓரம் குழையும். இன்று நாம் ஃபெதர் என்ற பெட்டியில் தட்டும் எண், அந்த அட்டையை எவ்வளவு ஆட்டுவது என்பதற்கான எண்தான்.

கீழே உள்ள படிகள் ஃபோட்டோஷாப்புக்கும், இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் 2.10-க்கும் பொருந்தும். பிரவுசரிலேயே திறக்கும் ஃபோட்டோபீயில் மெனுக்கள் பெரும்பாலும் ஃபோட்டோஷாப்பைப் போலவே இருப்பதால் அதற்குத் தனியாகச் சொல்லவில்லை.

ஃபெதர் என்னதான் செய்கிறது

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். புரியாவிட்டால் ஒவ்வொரு படத்திலும் எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுத் திண்டாட வேண்டியதுதான்.

ஒரு வட்டத்தை செலக்ட் செய்தால் உள்ளே இருப்பது 100%, வெளியே இருப்பது 0%. நடுவில் படிக்கட்டு இல்லாத ஒரு செங்குத்துச் சுவர். ஃபெதர் அந்தச் சுவரைச் சரிவாக்குகிறது. பலர் தவறவிடும் விஷயம் என்னவென்றால், அந்தச் சரிவு கோட்டிலிருந்து உள்பக்கமாக மட்டும் இறங்குவதில்லை, இரண்டு பக்கமும் பரவுகிறது. நீங்கள் வரைந்த கோடு இருக்கும் இடத்தில் மதிப்பு 50%. அங்கிருந்து உள்ளே போகப் போக 100%-ஐ நெருங்கும், வெளியே போகப் போக 0%-ஐ நெருங்கும்.

இதனால்தான் ஒரு பிரபலமான தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. படம் முழுவதையும் செலக்ட் செய்து, ஃபெதர் கொடுத்து, மாஸ்க் (படத்தில் எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று சொல்லும் கறுப்பு வெள்ளைப் படம்) போடுகிறார்கள். ஓரம் கொஞ்சம் மங்குகிறது, ஆனால் விளிம்பில் தெளிவான கோடு அப்படியே நிற்கிறது. காரணம், 50% புள்ளி படத்தின் விளிம்பிலேயே விழுந்துவிட்டது. மங்கலின் மீதிப் பாதிக்குப் போக இடமில்லை. ஃபெதர் எண்ணை எவ்வளவு கூட்டினாலும் அந்தக் கோடு போகாது. செலக்ஷனை உள்ளே தள்ளுவது ஒன்றே வழி.

எவ்வளவு உள்ளே? இங்கே இரண்டு மென்பொருளும் ஒரே எண்ணை வேறு விதமாகப் புரிந்துகொள்கின்றன. கிம்ப்பில் ஃபெதர் 100 என்றால் சரிவு கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஏறத்தாழ 100 பிக்சலுக்குள் அடங்கிவிடும். ஃபோட்டோஷாப்பில் அதே 100 கொடுத்தால் ஒவ்வொரு பக்கமும் சுமார் இரண்டு, இரண்டரை மடங்கு தூரம் பரவும். ஒன்றில் பழகிய எண்ணை மற்றொன்றில் போட்டால் ஏமாற்றமாக இருப்பது இதனால்தான். ஆகவே கிம்ப்பில் ஃபெதர் எண் அளவுக்கும், ஃபோட்டோஷாப்பில் அதன் இரண்டரை மடங்குக்கும் விளிம்பிலிருந்து உள்ளே தள்ளிக் கோடு போடுங்கள்.

இன்னொன்று: ஃபெதர் பிக்சல் கணக்கு, சதவீதக் கணக்கு அல்ல. 800 பிக்சல் அகலப் படத்தில் பஞ்சு மாதிரி குழையும் 30, கேமராவிலிருந்து வந்த 6000 பிக்சல் படத்தில் கண்ணுக்கே தெரியாது. படத்தை எந்த அளவில் பயன்படுத்தப் போகிறீர்களோ அந்த அளவுக்கு முதலில் மாற்றிவிட்டுத் தொடங்குவது நல்லது. தொடக்கத்துக்கு ஒரு கைக்கணக்கு: கோட்டின் ஒவ்வொரு பக்கமும் மங்கல் பரவும் தூரம், படத்தின் குட்டைப் பக்கத்தில் 10 சதவீதம்.

முட்டை வடிவில் கரைப்பது: படிப்படியாக

3000 × 2000 பிக்சல் அளவுள்ள ஓர் உருவப்படத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் படம் வேறு அளவென்றால் அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. படத்தைத் திறந்ததும் லேயரை, அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் படத் தாளை, பாருங்கள். ஃபோட்டோஷாப்பில் பேக்கிரவுண்ட் என்ற பெயரோடு பூட்டுக் குறி இருக்கும். பூட்டைக் கிளிக் செய்தால் அது லேயர் 0 ஆக மாறும். கிம்ப்பில் லேயர் → டிரான்ஸ்பரன்சி → ஆட் ஆல்ஃபா சேனல். ஆல்ஃபா என்பது எந்த இடம் எவ்வளவு டிரான்ஸ்பரன்ட் என்ற தகவல். ஜேபெக் படத்துக்கு அது கிடையாது என்பதால் இந்தப் படியை விடக் கூடாது. ஆல்ஃபா இல்லாத லேயரில் எதையாவது அழித்தால் டிரான்ஸ்பரன்ட் ஆகாது, பின்னணி நிறம்தான் வந்து நிரம்பும்.

2. அடியில் ஒரு புதிய லேயர் போட்டு, கண்ணைப் பறிக்கும் சிவப்பையோ பச்சையையோ நிரப்புங்கள். சோதனைக்கு மட்டும்தான், கடைசியில் நீக்கிவிடலாம். சதுரங்கக் கட்டம் போட்ட டிரான்ஸ்பரன்ட் பின்னணியில் 2, 3 சதவீத மிச்சம் கண்ணில் படவே படாது. சிவப்பின் மேல் உடனே மாட்டிக்கொள்ளும்.

3. நீள்வட்ட செலக்ஷன் கருவியை எடுங்கள். கிம்ப்பில் ஆங்கில 'இ' (E) விசை. டூல் ஆப்ஷன்ஸில் பொசிஷன் 300, 250 என்றும் சைஸ் 2400, 1500 என்றும் எண்ணாகவே தட்டலாம். ஃபோட்டோஷாப்பில் மேலே ஸ்டைல் என்ற இடத்தில் ஃபிக்ஸ்டு சைஸ் தேர்ந்தெடுத்து, 2400 × 1500 பிக்சல் கொடுத்துக் கிளிக் செய்து, நடுவுக்கு நகர்த்துங்கள். ஃபோட்டோஷாப்பில் கையால் வரைவதாக இருந்தால் ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் நடுவிலிருந்து விரியும். மேலேயே ஃபெதர் என்று ஒரு பெட்டி இருக்கும். அது 0 ஆகவே இருக்கட்டும். அங்கே போட்ட எண் நினைவில் தங்கி, நாளைக்கு வேறு படத்தில் போடும் செலக்ஷனையும் குழப்பும்.

4. ஃபெதர். ஃபோட்டோஷாப்பில் செலக்ட் → மாடிஃபை → ஃபெதர், அல்லது ஷிஃப்ட் + எஃப்6, எண் 90. கிம்ப்பில் செலக்ட் → ஃபெதர், எண் 200. இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சரிவு கிடைக்கும். மேலே 250 பிக்சல் இடம் விட்டிருக்கிறோம். சரிவு 200, 225-க்குள் முடிந்துவிடும்.

5. செலக்ஷன் இருக்கும்போதே லேயர் மாஸ்க் போடுங்கள். ஃபோட்டோஷாப்பில் லேயர் பேனலின் அடியில் செவ்வகத்துக்குள் வட்டம் போட்ட பொத்தான். கிம்ப்பில் லேயர் மேல் ரைட் கிளிக், ஆட் லேயர் மாஸ்க், அதில் செலக்ஷன் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். கிம்ப்பில் செலக்ஷன் தானாக மறையாது. ஷிஃப்ட் + கண்ட்ரோல் + ஏ அழுத்தி நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்து எது செய்தாலும் அந்த வட்டத்துக்குள் மட்டுமே நடக்கும், ஏன் என்று தெரியாமல் விழிப்பீர்கள்.

6. மாஸ்கைத் தனியாகப் பாருங்கள்: ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு மாஸ்க் சிறுபடத்தைக் கிளிக் செய்யுங்கள். வெள்ளை தெரியும் பகுதி, கறுப்பு மறையும் பகுதி, சாம்பல் பாதி தெரியும் பகுதி. நான்கு விளிம்பும் முழுக் கறுப்பாக இருக்க வேண்டும்.

விளிம்பில் மெல்லிய சாம்பல் மிச்சம் இருந்தால் செலக்ஷனைத் திரும்பப் போட வேண்டியதில்லை. மாஸ்க் தேர்வாகி இருக்கும்போது லெவல்ஸை (கறுப்பு வெள்ளை அளவைத் திருத்தும் பெட்டி) திறந்து, இன்புட்டில் இடது கோடியில் உள்ள கறுப்பு முக்கோணத்தை 0-விலிருந்து 8 அல்லது 10-க்கு நகர்த்துங்கள். அதற்குக் கீழுள்ள சாம்பல் எல்லாம் சுத்தக் கறுப்பாகிவிடும். சரிவின் மற்ற பகுதியில் மாற்றம் தெரியாது.

மாஸ்க் போடாமல், செலக்ஷனைத் தலைகீழாக்கி டிலீட் அழுத்தும் குறுக்குவழியும் உண்டு. தலைகீழாக்க ஃபோட்டோஷாப்பில் ஷிஃப்ட் + கண்ட்ரோல் + ஐ. கிம்ப்பில் கண்ட்ரோல் + ஐ. அவசரத்துக்கு அது சரி, பழக்கமாக்காதீர்கள். அழித்த பிக்சல் போனதுதான். தலைமுடி கொஞ்சம் அதிகமாகக் கரைந்துவிட்டது என்று மறுநாள் தோன்றினால் மாஸ்கில் வெள்ளை பிரஷால் ஒரு தடவு தடவினால் முடி திரும்பி வரும். அழித்த படத்தில் வராது. ஃபோட்டோஷாப்பில் இன்னொரு சலுகையும் உண்டு: ஃபெதர் கொடுக்காமல் கூர்மையான மாஸ்க் போட்டுவிட்டு, பிராப்பர்ட்டீஸ் பேனலில் மாஸ்குக்கான ஃபெதர் ஸ்லைடரை இழுத்து, கண்ணால் பார்த்துக்கொண்டே முடிவு செய்யலாம். ஃபைலை மூடித் திறந்த பிறகும் அந்த எண்ணை மாற்ற முடியும். எண்களை முன்கூட்டியே ஊகிக்கப் பிடிக்காதவர்களுக்கு இதுதான் நல்ல வழி.

செவ்வக வடிவில் நான்கு ஓரமும் சமமாகக் கரைய வேண்டுமென்றால், முழுப் படத்தையும் செலக்ட் செய்து, தேவையான அளவு சுருக்கி, பிறகு ஃபெதர். ஃபோட்டோஷாப்பில் செலக்ட் → மாடிஃபை → கான்ட்ராக்ட். 'அப்ளை எஃபெக்ட் அட் கேன்வாஸ் பவுண்ட்ஸ்' என்ற கட்டத்தில் டிக் போட்டால்தான் படத்தின் விளிம்பிலிருந்து சுருங்கும். கிம்ப்பில் செலக்ட் → ஷ்ரிங்க். அங்கே நேர்மாறாக, செலக்ஷன் படத்துக்கு வெளியேயும் தொடர்வதாகச் சொல்லும் கட்டத்தில் டிக் இருக்கக் கூடாது. ஃபெதருக்குப் பின் செவ்வகத்தின் மூலைகள் உருண்டையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஊர்ந்து ஓடும் புள்ளிக்கோடு 50% எல்லையை மட்டுமே காட்டுகிறது. அதற்கு வெளியே இருக்கும் மங்கல் அதில் தெரியாது.

அந்தப் புள்ளிக்கோட்டைப் பற்றியே ஒரு எச்சரிக்கைச் செய்தியும் ஃபோட்டோஷாப்பில் வரும்: 50%-க்கு மேல் செலக்ட் ஆன பிக்சல் எதுவும் இல்லை, அதனால் கோடு தெரியாது என்று. சின்ன செலக்ஷனுக்குப் பெரிய ஃபெதர் கொடுத்ததன் விளைவு. மேற்கொண்டு போனால் படத்தின் நடுவே கூட முழுதாகத் தெரியாமல் ஆவிபோல வரும். ஃபெதரைப் பாதியாக்குங்கள்.

ஒரு பக்கம் மட்டும் கரைய: கிரேடியன்ட்

எழுத்து வைக்க இடது பக்கத்தில் இடம் வேண்டும், அல்லது இரண்டு படங்களைப் பக்கம் பக்கமாக ஒட்ட வேண்டும் என்றால் செலக்ஷன் வேண்டாம். லேயருக்கு வெறும் வெள்ளை மாஸ்க் போட்டு, 'ஜி' விசையால் கிரேடியன்ட் கருவியை எடுத்து, 'டி' (D) அழுத்தி நிறங்களைக் கறுப்பு வெள்ளையாக்கி, முன்னணி நிறம் வெள்ளையாக இருந்தால் (ஃபோட்டோஷாப்பில் மாஸ்க் தேர்வாகி இருக்கும்போது அப்படித்தான் வரும்) 'எக்ஸ்' அழுத்திக் கறுப்பாக்கி, மறைய வேண்டிய இடத்திலிருந்து தெரிய வேண்டிய இடத்துக்கு இழுங்கள். முதல் கிளிக் செய்த புள்ளிக்கு வெளியே முழுக் கறுப்பு, விட்ட புள்ளிக்கு உள்ளே முழு வெள்ளை. எனவே விளிம்பிலேயே தொடங்காமல் 20, 30 பிக்சல் உள்ளே தள்ளித் தொடங்கினால் கோடு மிஞ்சாது. ஃபோட்டோஷாப்பில் ஷிஃப்ட், கிம்ப்பில் கண்ட்ரோல் பிடித்துக்கொண்டு இழுத்தால் கோணம் பிசகாது. கிம்ப்பில் இழுத்த பிறகும் இரு முனைகளையும் நகர்த்தித் திருத்தலாம். என்டர் அழுத்தினால்தான் நிலைக்கும். இழுப்பதற்கு முன் மாஸ்க் சிறுபடத்தைச் சுற்றிக் கட்டம் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். லேயரே தேர்வாகி இருந்தால் புகைப்படத்தின் மேலேயே கறுப்பு வெள்ளை பூசிவிடும்.

இடது ஓரம் அழகாகக் கரைந்தது, அடுத்து வலது ஓரத்துக்கு இழுத்தால் இடது பக்கம் திரும்பி வந்துவிட்டது. எல்லாருக்கும் நடக்கும் விபத்து இது. கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போகும் கிரேடியன்ட் மாஸ்க் முழுவதையும் புதிதாக எழுதுகிறது. முந்தையதை அது வைத்துக்கொள்ளாது. கிரேடியன்ட் பட்டியலில் ஃபோர்கிரவுண்ட் டு டிரான்ஸ்பரன்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து, கறுப்பை முன்னணி நிறமாக வைத்து இழுங்கள். ஒவ்வொரு இழுப்பும் முந்தையதன் மேல் சேரும். நான்கு பக்கமும் நான்கு இழுப்பு, நான்கும் வேறு வேறு அகலத்தில் கூட வைக்கலாம்.

கிரேடியன்ட் தொடங்கும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடுவதுபோலத் தோன்றும் சில படங்களில். பெரிதாக்கிப் பார்த்தால் அங்கே கோடே இருக்காது. சமமான வெளிச்சம் திடீரென்று சரியத் தொடங்கும் மூலையைக் கண் மிகைப்படுத்திக் காட்டுகிறது. எர்ன்ஸ்ட் மாக் என்ற இயற்பியலாளர் 1860-களில் விவரித்ததால் மாக் பட்டை என்கிறார்கள். கண்ணின் பிழை என்றாலும் பார்ப்பவருக்குக் கோடு கோடுதான். மாஸ்கைத் தேர்ந்தெடுத்து காஸியன் பிளர் (மங்கலாக்கும் ஃபில்டர்) 40 முதல் 60 பிக்சல் கொடுங்கள். சரிவின் இரண்டு முனைகளும் வளைந்து, கோடு மறையும். ஃபெதர் முறையில் இந்தச் சிக்கல் வருவதில்லை, ஏனென்றால் அந்தச் சரிவு பிறப்பிலேயே வளைவானது.

இரண்டு படங்களைக் கலக்கும்போது ஒன்றின் மேல் ஒன்று அகலத்தில் கால்பங்காவது ஏறியிருக்க வேண்டும். பாதி மறையும் பகுதியில் இரண்டு படத்தின் பொருளும் சேர்ந்தே தெரியும் என்பதால், அங்கே முகமோ கம்பமோ ஜன்னலோ வந்தால் பேய்ப்படம் மாதிரி ஆகிவிடும். வானம், சுவர், புகை, மங்கலான பின்னணி போன்ற வெறுமையான இடங்களில் சந்திக்க விடுங்கள். ஒன்று மஞ்சள் வெளிச்சத்திலும் மற்றொன்று நீல நிழலிலும் எடுத்ததாக இருந்தால், எந்த மாஸ்கும் ஒட்டு தெரியாமல் செய்யாது. கரைப்பதற்கு முன்பே நிறத்தைச் சரிசெய்யுங்கள்.

பிரஷால் கரைப்பது

முட்டை வடிவமும் நேர்கோடும் ஒத்துவராத படங்கள் உண்டு. ஒரு தோள் விளிம்புக்குப் பக்கத்தில், மறுபக்கம் வெறும் சுவர். இங்கே வட்டத்தைப் போட்டால் தோள் பாதியில் கரையும். பெரிதாக ஒரு ஃபெதர் போட்டுவிட்டு, மீதியைக் கையால் திருத்துவதுதான் நடைமுறை.

வட்ட சாஃப்ட் பிரஷ், ஹார்ட்னஸ் 0, 2000 பிக்சல் படத்துக்கு 300 முதல் 400 அளவு, ஒபேசிட்டி (எவ்வளவு அழுத்தமாகப் பூசும் என்பது) 20%. கறுப்பால் மாஸ்கில் வெளியிலிருந்து உள்ளே வருமாறு பலமுறை தடவுங்கள். பிரஷின் நடுப்பகுதியைப் படத்துக்கு வெளியே வைத்து அதன் மெத்தென்ற விளிம்பு மட்டும் உள்ளே படும்படி ஓட்டினால் திட்டு விழாது. 100% ஒபேசிட்டியில் ஒரே இழுப்பில் முடிக்கப் பார்த்தால் பிரஷின் வட்டம் வட்டமான தடம் அப்படியே தெரியும். அதிகமாகிவிட்டால் 'எக்ஸ்' விசையால் வெள்ளைக்கு மாறித் திரும்பக் கொண்டுவரலாம்.

உருவப்படத்தில் தலைக்கு மேலே குறைவாகவும், மார்புக்குக் கீழே அதிகமாகவும் கரைப்பது கண்ணுக்கு இயல்பாக இருக்கும். நான்கு பக்கமும் ஒரே அளவாகக் கரைத்தால் முத்திரை குத்தியதுபோல ஆகிவிடுகிறது. விரல்நுனியோ முடியோ விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் படத்தை விட்டுவிடுவதே மேல். கரைய இடம் வேண்டும், இல்லாத இடத்தை மாஸ்க் உண்டாக்காது.

இருண்ட ஓரம், அதாவது விக்னெட்

ஃபோட்டோஷாப்பின் கேமரா ரா ஃபில்டரிலும் லைட்ரூமிலும் எஃபெக்ட்ஸ் பகுதியில் விக்னெட் ஸ்லைடர் இருக்கிறது. அமவுன்ட் மைனஸில் போனால் ஓரம் இருளும், பிளஸ்ஸில் போனால் வெளுக்கும். மிட்பாயின்ட் இருள் எவ்வளவு உள்ளே வரலாம் என்பதையும், ரவுண்ட்னஸ் வடிவத்தையும், ஃபெதர் குழைவையும் தீர்மானிக்கும். பெரும்பாலான படங்களுக்கு மைனஸ் 15 முதல் 25 போதும். மைனஸ் 50-ஐத் தாண்டினால் குழாய் வழியாக எட்டிப் பார்ப்பதுபோல இருக்கும். லைட்ரூமில் இங்கே வைத்த விக்னெட், படத்தைக் கிராப் செய்து ஓரத்தை வெட்டினாலும் புதிய ஓரத்தோடு சேர்ந்து வரும். லென்ஸ் கரெக்ஷன் பகுதியில் உள்ள விக்னெட் வேறு. அது லென்ஸால் இயல்பாக இருண்ட மூலைகளைச் சரிசெய்ய வந்தது, கிராப்போடு நகராது. கிம்ப்பில் ஃபில்டர்ஸ் → லைட் அண்ட் ஷேடோ → விக்னெட். படத்தின் மேலேயே வளையங்கள் தெரியும், அவற்றைப் பிடித்து இழுக்கலாம்.

கையால் செய்ய விரும்பினால் ஓரத்தில் கறுப்பு பூசாதீர்கள். சாதாரண கறுப்பு லேயர் வெளிச்சமான இடங்களைச் சாம்பலாக்கி, அழுக்குப் படிந்தது போலக் காட்டும். ஃபோட்டோஷாப்பில் கர்வ்ஸ் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் (படத்தைத் தொடாமல் வெளிச்சத்தை மாற்றும் லேயர்) போட்டு, கோட்டின் நடுவைச் சற்றுக் கீழே இழுத்து, அதன் மாஸ்கில் நடுப்பகுதியை ஃபெதர் செய்த வட்டத்தால் கறுப்பாக்குங்கள். ஓரம் இருளும், நிறம் நிறமாகவே இருக்கும். முடித்ததும் படத்தைக் கட்டைவிரல் நக அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். பெரிய திரையில் அடக்கமாகத் தெரிந்த விக்னெட் அங்கே பளிச்சென்று தெரிந்தால் மூன்றில் ஒரு பங்கு குறைக்கலாம்.

பட்டை பட்டையாக வருகிறது, ஏன்?

கரைந்த பகுதி வழவழப்பாக இல்லாமல் மரத்தின் வளையம் போலப் படிப்படியாகத் தெரிவதற்கு பேண்டிங் என்று பெயர். கணக்கு எளியது. 8 பிட் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். வெளிச்ச அளவு 60 உள்ள இருண்ட வானத்தை 1500 பிக்சல் தூரத்தில் கறுப்புக்குக் கொண்டுபோனால் இருப்பது 60 படிகள். ஒவ்வொரு படியும் 25 பிக்சல் அகலம். 25 பிக்சல் பட்டையைக் கண் கண்டுபிடித்துவிடும். நீண்ட மங்கல், இருண்ட நிறம், வெறுமையான பகுதி மூன்றும் சேரும் இடத்தில்தான் இது மோசமாக வரும்.

கிரேடியன்ட் கருவியில் டிதர் என்ற கட்டம் (படிகளின் எல்லையில் புள்ளிகளைக் கலந்துவிடும் வசதி) டிக் ஆகி இருக்கட்டும். மங்கலின் தூரத்தைக் குறைப்பதும் உதவும். இரண்டும் போதவில்லை என்றால், எல்லாவற்றையும் ஒன்றாக்கிய நகலில் ஃபோட்டோஷாப்பின் ஆட் நாய்ஸ் 1%, காஸியன், மோனோகுரோமேட்டிக். மணல் தூவியதுபோல ஒரு நுண்ணிய பொடி பட்டைகளின் எல்லையை உடைத்துவிடும். தொடக்கத்திலேயே படத்தை 16 பிட்டுக்கு மாற்றிவிட்டு வேலை செய்தால் இடையில் சேரும் பட்டைகள் குறையும். ஆனால் ஜேபெக்கில் சேவ் செய்யும்போது 8 பிட்டுக்குத்தான் திரும்பும்.

எக்ஸ்போர்ட்: உழைப்பு கெடும் இடம்

எல்லாம் சரியாகச் செய்துவிட்டு ஜேபெக்கில் சேவ் செய்தால் டிரான்ஸ்பரன்சி போய்விடும். ஜேபெக்குக்கு ஆல்ஃபாவே கிடையாது. அந்த இடத்தில் வெள்ளையோ, அப்போது இருக்கும் பின்னணி நிறமோ நிரம்பும். டிரான்ஸ்பரன்ட் ஓரத்துக்கு பிஎன்ஜி, இணையப் பக்கத்துக்கு வெப்பி. ஜிஃப் கூடாது: அதில் ஒரு பிக்சல் முழுதாகத் தெரியும் அல்லது முழுதாக மறையும், நடுநிலை இல்லை. எனவே உங்கள் மெத்தென்ற ஓரம் ரம்பப்பல் ஆகிவிடும். ஃபோட்டோஷாப்பின் எக்ஸ்போர்ட் ஆஸ் பெட்டியில் டிரான்ஸ்பரன்சி டிக் இருக்க வேண்டும். சிறிய ஃபைல், 8 பிட் என்ற கட்டத்தில் டிக் இருக்கக் கூடாது. அது நிறங்களை 256-க்குள் அடக்கி, இப்போதுதான் விரட்டிய பட்டைகளைத் திரும்ப அழைத்து வரும். சோதனைக்குப் போட்ட சிவப்பு லேயரை இப்போது மறையுங்கள். மறந்து அனுப்புவது நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கும்.

வெள்ளையில் கரைத்து ஜேபெக்காகவே கொடுக்க வேண்டும் என்றால் குவாலிட்டி 90-க்குக் கீழே போக வேண்டாம். ஜேபெக் படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாக நறுக்கிச் சுருக்குகிறது; குறைந்த தரத்தில் அந்தக் கட்டங்கள் முதலில் தெரிவது மெல்லிய மங்கலில்தான். அரட்டைச் செயலிகளில் படமாக அனுப்பினால் பிஎன்ஜியும் ஜேபெக்காக மாறிப் போய்ச் சேரலாம், டாக்குமென்டாக அனுப்புங்கள். லேயரும் மாஸ்கும் உள்ள மூல ஃபைலை, ஃபோட்டோஷாப்பில் பிஎஸ்டி, கிம்ப்பில் எக்ஸ்சிஎஃப், தனியாகச் சேமித்து வைக்கவும்.

ஸ்லைடுக்கு மட்டும் வேண்டும் என்றால் இத்தனையும் தேவையில்லை. பவர்பாயின்டிலும் வேர்டிலும் படத்தைத் தேர்ந்தெடுத்து பிக்சர் எஃபெக்ட்ஸ் → சாஃப்ட் எட்ஜஸ் போனால் 1 முதல் 50 பாயின்ட் வரை தயார் அளவுகள் இருக்கின்றன. 25 பெரும்பாலும் போதும். நான்கு ஓரமும் ஒரே மாதிரிதான் கரையும், ஒரு பக்கம் மட்டும் என்று கேட்க முடியாது. லிப்ரே ஆபீஸிலும் 7.0 பதிப்பிலிருந்து இது உண்டு.

அச்சுக்குப் போகும் படத்தில் இரண்டு விஷயங்கள். வெள்ளையை நெருங்கும் 2, 3 சதவீதச் சாயல் தாளில் பிடிக்காமல் போகலாம். திரையில் தொடர்ச்சியாகத் தெரிந்த மங்கல், தாளில் ஓரிடத்தில் சட்டென்று நின்று கோடு போலக் காட்டும். எனவே அச்சுப் படத்தில் மங்கலின் கடைசிப் பகுதியை நீட்டி இழுக்காமல், லெவல்ஸால் சற்று முன்பே வெள்ளையில் முடித்துவிடுங்கள். அடுத்து, நிறத் தாள். சாதாரண பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. பிரிண்டர் வெள்ளை என்று நினைப்பது தாளின் நிறத்தைத்தான். வெளிர் மஞ்சள் அட்டையில் அடித்தால் ஓரம் மஞ்சளில் அழகாகக் கரையும், ஆனால் முகத்தின் வெளிச்சமான பகுதிகளும் அதே மஞ்சளுக்குப் போகும்.